பழைய பனங்கை மேல தகர ஓடு போடலாமா? (கடையம் பக்கம், மண்செவரு வீடு)

கடனாநதிக்கரை:

வணக்கம் அண்ணாச்சிமாரே, அக்காமாரே. நமக்கு வீடு கடையத்துக்கும் ஆழ்வார்குறிச்சிக்கும் நடுவுல ஒரு கிராமம். தாத்தா கட்டுன ஓட்டு வீடு, மண்செவரு, தார்சா, பட்டாசல், அடுப்பங்கரை, பின்னால தொழுவம், அவ்வளவுதான். மேல பனங்கை (பனை மரத்துல சரிவா போட்ட கை), அதுமேல குறுக்க பட்டியல் (ஒல்லி மரச் சட்டம்) அடிச்சு சீமை ஓடு (மங்களூர் ஓடு). நான் கோயம்புத்தூர்ல வேலை பாக்கேன், அம்மா மட்டும்தான் ஊர்ல இருக்காங்க, எத்தனை தடவை கூப்பிட்டாலும் "உன் ஃப்ளாட்டுல முற்றம் இருக்கா"னு ஒரே கேள்வி, அதோட பேச்சு முடிஞ்சிரும்.

பிரச்சனை என்னன்னா குரங்கு. மலை பக்கத்துல இருக்குல்லா, கூட்டமா வருது, ஓட்டைப் பெரட்டிப் போட்டு உள்ள எறங்கப் பாக்குது. முன்னெல்லாம் வருசா வருசம் வைகாசியில ஒரு தாத்தா வந்து ஒடஞ்ச ஓட்டை மாத்திக் கொடுத்துட்டுப் போவாரு, இப்ப அவருக்கு ஏற முடியல, அவருக்கப்புறம் அந்த வேலைக்கு ஆளே இல்ல, ஏறுனவனும் ரெண்டு மாத்தி நாலு ஒடச்சுட்டு எறங்குதான். போன சாரல் மழை சீசன்ல அம்மா ஒரு போட்டோ அனுப்பினாங்க, பட்டாசல் (நடு ஹால்) முழுக்க பாத்திரம் வச்சிருக்காங்க, எண்ணிப் பாத்தேன் 11, அதுல ஒண்ணு பொங்கப்பானை. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல.

அத்தான் ஒருத்தர் சொல்லுதாரு, ஓடு மாடல்லயே கலர் ஷீட்டு வருது, பாக்க ஓடு மாதிரியே இருக்கும், குரங்கு ஒண்ணும் பண்ண முடியாதுன்னு. பாவூர்சத்திரத்துல இருந்து ஒருத்தர் வந்து பாத்துட்டு, ஓட்டை மட்டும் எறக்கிருவோம், பனங்கையும் பட்டியலும் அப்படியே இருக்கட்டும், அதுமேலயே ஸ்க்ரூ அடிச்சுருவோம், ரெண்டு நாள் வேலைங்காரு. இன்னொருத்தர் வந்து மொத்தத்தையும் பிரிச்சு இரும்பு பைப்புல ஃப்ரேம் அடிக்கணும்னு ரெண்டு மடங்கு ரேட்டு சொல்லுதாரு. யாரு சொல்றது சரி? சூடு தாங்குமா, மழைச் சத்தம் எப்படி, ஆடிக் காத்துல பறந்துறாதா? மாடி போடலாம்னா மண்செவரு தாங்காதுன்னு கொத்தனார் முன்னாடியே கையை விரிச்சுட்டாரு. வீடு செவத்துக்குச் செவரு 24க்கு 32 அடி, வடக்க பாத்த வாசல், மோட்டுவளை (கூரை முகடு) கிழக்கு மேற்கா ஓடுது. பங்குனி முடியப்போகுது, சாரலுக்கு முன்னால முடிக்கணும். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பட்டறைக்காரன்:

தம்பி, நான் இதே வேலைதான், ஆலங்குளம் பக்கம் வெல்டிங் பட்டறை, ரூஃபிங் 15 வருசத்துக்கு மேல பண்ணுதேன். ரெண்டு நாள்ல முடிச்சுத் தாரேன்னு சொன்ன ஆளை நம்பாதீங்க, அவரு கெட்டவருன்னு சொல்லல, ஆனா அவரு உங்க பட்டியலை டேப் வச்சு அளந்தாரான்னு கேளுங்க.

விசயம் என்னன்னா சீமை ஓட்டுக்குப் பட்டியல் அடிக்கிறது ஒரு அடிக்கும் சொச்சத்துக்கும் ஒண்ணு. ஓடு மாடல் ஷீட்டுல ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் நடுவுல ஒரு படி இருக்கும் பாத்தீங்களா, அந்தப் படி பொதுவா 350 மில்லிமீட்டருக்கு ஒருக்க வரும் (கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும், வாங்குற ஷீட்டை அளந்துக்கணும்). ஸ்க்ரூ அடிக்க வேண்டியது அந்தப் படிக்குக் கொஞ்சம் கீழ, பள்ளத்துல. சாதா ஷீட்டுல மேட்டுல அடிச்சுப் பழகுன பயலுக இதுலயும் மேட்டுல அடிப்பானுக, அங்க அடிச்சா ஷீட்டு அமுங்கி வாய் பொளந்துக்கிடும். சரி, பள்ளத்துல அடிச்சாலும் அதுக்கு நேர் கீழ பட்டியல் இருக்கணும்லா? பழைய பட்டியலும் புது ஷீட்டு படியும் முதல் வரிசையில சேரும், மூணாவது வரிசையில மூணு விரக்கடை தள்ளிப் போயிரும், அப்புறம் ஸ்க்ரூ அந்தரத்துல நிக்கும். அவரு என்ன பண்ணுவாரு, எங்க பட்டியல் இருக்கோ அங்க அடிச்சுட்டுப் போயிருவாரு. கீழ நின்னு பாத்தா உங்களுக்கு ஒண்ணும் தெரியாது.

ரெண்டாவது பனங்கை. வைரம் பாஞ்ச பனைன்னா அது இரும்பு மாதிரி, நான் குறையே சொல்ல மாட்டேன். ஆனா பனை நேரா இருக்காதுல்லா, ஒண்ணு வயிறு தள்ளி இருக்கும், ஒண்ணு குழிஞ்சு இருக்கும். தனித்தனி ஓடு அந்த ஏத்த எறக்கத்துக்குத் தகுந்த மாதிரி உக்காந்துக்கிடும். ஷீட்டு அப்படி இல்ல, அது ஒரே பலகை, ஒரு எடத்துல மேடு இருந்தா அடுத்த ஷீட்டு மேல வந்து ஒட்டாது, அந்தச் சந்துல சாரல் தண்ணி ஏறும். நம்ம பக்கம் மழை மேல இருந்து கீழ விழுறதே கொறச்சல், பக்கவாட்டுல தான் வரும்.

மூணாவது தான் முக்கியம், எடை. உங்க அளவுக்கு சுத்தி ரெண்டடி தாழ்வாரம் சேத்தா தரையில 28க்கு 36, அதாவது 1008 சதுர அடி. சரிவு 25 டிகிரி பக்கம்னு வச்சா கூரைப் பரப்பு 1112 சதுர அடி வரும், 103 சதுர மீட்டர். ஷீட்டு ஆர்டர் பண்ணும்போது இந்த 1112 தான் கணக்கு, வேஸ்ட் அதுக்கு மேல, தரை அளவை வச்சு ஆர்டர் பண்ணி நடுவுல ஷீட்டு பத்தாம நின்னவங்க நெறய. சீமை ஓடு சதுர மீட்டருக்கு 15, ஒண்ணு ரெண்டரைக் கிலோன்னு போட்டாலும் உங்க வீட்டு மேல இப்ப 4 டன் உக்காந்திருக்கு. ஷீட்டு சதுர மீட்டருக்கு 5 கிலோ, மொத்தமே அரை டன். "அப்ப நல்லதுதான, செவத்துக்கு பாரம் கொறையும்"னு தோணும். செவத்துக்கு நல்லதுதான். ஆனா இத்தனை வருசமா ஆடிக் காத்துல உங்க கூரை பறக்காம இருந்ததே அந்த 4 டன்னாலதான். பனங்கை செவத்து மேல சும்மா தான் உக்காந்திருக்கும், எந்தக் கம்பியும் கிடையாது, பாரம் தான் பிடிச்சு வச்சிருக்கு. பாரத்தை எடுத்துட்டு ஷீட்டைப் போட்டா காத்து தாழ்வாரத்துக்கு அடியில நுழைஞ்சு தூக்கும், மேல போற காத்து உறிஞ்சும். ஷீட்டு மட்டும் தனியா பறக்காது தம்பி, ஸ்க்ரூ நல்லா பிடிச்சிருந்தா பனங்கையோட சேந்து பறக்கும்.

அதனால இரும்பு ஃப்ரேம் சொன்ன ஆளுதான் சரி. ஆனா அவருகிட்டயும் ஒரு கேள்வி கேளுங்க, ஃப்ரேமை எதுல கட்டுவீங்கன்னு. மண்செவத்துல ஆங்கர் போல்ட் அடிச்சா அது பொரிகடலையில ஆணி அடிச்ச கதைதான். ஒண்ணு செவத்துக்கு மேல சுத்தி கான்கிரீட் பெல்ட் போட்டு, அதுல பேஸ் ப்ளேட் (ஃப்ரேம் கால் உக்கார்ற இரும்புத் தகடு) வச்சு, பெல்ட்டைக் கம்பி போட்டு கீழ வரைக்கும் எறக்கிக் கட்டணும். இல்லன்னா செவத்தையே நம்பாம வெளிப்பக்கமா பைப் தூண் நட்டு, அதுக்குன்னு குழி தோண்டி கான்கிரீட் போட்டு நிறுத்தணும். மண்செவரு வீட்டுக்கு நான் ரெண்டாவதைத் தான் சொல்லுவேன், செவத்தை நோண்டவே வேண்டாம், கூரை தன் காலுல நிக்கும்.

செங்கோட்டை சாரல்:

பட்டறைக்காரன் அண்ணாச்சி சொன்னது அத்தனையும் சரி. நான் வீட்டுக்குள்ள இருக்கிறவ, உள்ள இருந்து சொல்லுதேன்.

எங்க வீட்டுல மாடியில ஒரு ரூம், மேல இதே ஓடு மாடல் ஷீட்டு தான், போட்டு 6 வருசம் ஆகுது. செங்கோட்டை காத்து தெரியும்ல, ஆரியங்காவு கணவாய் வழியா நேரா வருது, ஆனி ஆடியில கொடியில துணி நிக்காது. இதுவரைக்கும் ஒரு ஷீட்டு அசையல. ஆனா நாங்க முதல்ல ஒரு முட்டாத்தனம் பண்ணினோம், அடியில ஒண்ணும் குடுக்காம வெறும் ஷீட்டை மட்டும் போட்டோம், செலவு மிச்சம்னு. மொத சாரல் ராத்திரி என் மாமியார் எந்திரிச்சு உக்காந்துட்டு "யாரோ மேல நெல்லு கொட்டுதாங்கடி"ங்காங்க. பக்கத்துல பேசுனா காது கேக்காது, டிவி சத்தத்தைக் கூட்டிக் கூட்டி கடைசியில அணைச்சே போட்டோம். சித்திரை மத்தியானம் கேக்கவே வேண்டாம், அந்த ரூமுக்கு மிளகாய் காயப்போடத் தான் போவோம்.

அடுத்த வருசம் அதையே கழத்தி அடியில சில்வர் பேப்பர் ஒட்டுன ஃபோம் குடுத்து, அதுக்குக் கீழ ஒரு அடி விட்டு ஃபால்ஸ் சீலிங் அடிச்சோம். மொதல்லயே செஞ்சிருந்தா கூலி ஒரு தடவையோட போயிருக்கும். இதுல ஒண்ணு கவனிங்க, அந்த சில்வர் பக்கத்துக்கு முன்னால காத்து எடம் இருக்கணும், சீலிங்கோட ஒட்டிப் போட்டா அது சும்மா பேப்பர்தான், வேலை செய்யாது. முகட்டுலயும் தாழ்வாரத்துலயும் சூடு வெளிய போக வழி விடச் சொல்லுங்க, அதுக்கு எலி நுழையாம கம்பி வலை அடிச்சிருங்க. கலர் கேட்டா இளசா எடுங்க, எல்லாரும் ஓட்டுக் கலர்னு அடர்த்தியான செங்கல் செவப்பு எடுக்காங்க, அது வெயிலை இழுக்கும்.

இன்னொண்ணு யாரும் சொல்ல மாட்டாங்க. மார்கழி விடியக்காலம் பனி எறங்குறப்ப தகரம் சீக்கிரம் குளுந்துரும். அடுப்பங்கரையில சோறு வடிக்கிற ஆவி மேல போயி ஷீட்டுக்கு அடியில வேர்த்து சொட்டும். எங்க வீட்டுல ஒழுகுதுன்னு ஆளைக் கூட்டிட்டு வந்து தேடுனோம், மழையே இல்லாத நாள்ல எப்படி ஒழுகும்? அம்மா விறகடுப்பா கேஸான்னு தெரியல, விறகடுப்புன்னா அந்தப் பக்கம் மட்டும் பழைய ஓடாவே விட்டுருங்க, பொகையும் போகும்.

சாயந்தரம் வெயில் தாழ்ந்ததும் டக்கு டக்குன்னு சத்தம் வரும், பயப்பட வேண்டாம், இரும்பு சுருங்குற சத்தம். அம்மாகிட்ட முன்கூட்டியே சொல்லிருங்க, தனியா இருக்காங்க, யாரோ மேல நடக்காங்கன்னு நெனச்சுக்கப் போறாங்க.

உவரி உப்புக்காத்து:

எங்க ஊருல இந்த ஷீட்டு கதையே வேற அதனால கொஞ்சம் சொல்லிக்கிடுதேன், கடலுக்கு 300 மீட்டர்ல வீடு, கலர் ஷீட்டு போட்டு நாலாவது வருசத்துல ஸ்க்ரூ தலையெல்லாம் துரு, அப்புறம் தாழ்வாரத்துக்கு அடிப்பக்கம் ஷீட்டே பொரிஞ்சு வந்துட்டு, மேல்பக்கம் நல்லாத்தான் இருக்கு ஏன்னா மழை கழுவி விட்டுருது, மழை படாத எடத்துல தான் உப்பு உக்காந்து திங்குது. வாரன்டி கார்டை எடுத்துப் பாத்தா கடலுக்குப் பக்கம்னா செல்லாதுன்னு பொடி எழுத்துல போட்டிருக்கான். கடலோரத்து ஆளுங்க இதைப் படிச்சா அலுமினிய ஷீட்டு பாருங்க, ஸ்க்ரூவும் நல்ல ஸ்க்ரூவா கேளுங்க. கடையத்துக்கு இந்தப் பயம் கிடையாது, நீங்க குடுத்து வச்சவங்க, உங்களுக்கு குரங்கு, எங்களுக்கு உப்பு.

கல்லிடை வாத்தியார் (ரிட்டயர்டு):

தம்பி, எல்லாரும் ஷீட்டைப் பத்தியே பேசுறாங்க, நான் ஓட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லிக்கிறேன். அந்த ஓட்டுல ஒண்ணை எறக்கி பின்னால திருப்பிப் பாருங்க, ஆலைப் பேரு அச்சடிச்சிருக்கும். 1865ல பாசல் மிஷன்காரங்க மங்களூர்ல ஆரம்பிச்ச ஆலையில இருந்து தான் இந்த மாதிரி ஓடு பரவினது, அதனால தான் சீமை ஓடுன்னு நம்ம ஆளுக பேரு வச்சாங்க. நூறு வருச ஓடுன்னாலும் தட்டிப் பாத்தா வெங்கலம் மாதிரி கணீர்னு கேக்கும், அப்படிக் கேட்டா அது இன்னொரு தலைமுறைக்கு வரும். சொத்சொத்னு கேட்டா கழிச்சிருங்க.

குரங்குக்காக ஓட்டையே மாத்தணுமா? எங்க தெருவுல ரெண்டு வீட்டுல ஓட்டுக்கு மேல கம்பி வலை இழுத்துக் கட்டியிருக்காங்க, குரங்கு ஏறுது, ஆனா ஓட்டைப் பெரட்ட முடியல. எனக்கு ஓட்டு வீட்டுல இருந்துட்டு தகரத்துக்கு அடியில தூங்கறது ஆஸ்பத்திரி வராந்தாவுல படுத்த மாதிரி இருக்கு. பழைய ஆளு, பழைய பேச்சுன்னு நெனச்சுக்கோங்க.

பட்டறைக்காரன்:

வாத்தியார் ஐயா, நீங்க சொல்லுறதுல ஒரு தப்பும் இல்ல, எனக்கே என் வீடு ஓட்டு வீடு தான் (சிரிக்காதீங்க). ஆனா வலை கட்டுனா ஓடு மாத்த ஏறுறவன் வலையை அவுத்து ஏறணும், ஆளே இல்லன்னு தான தம்பி சொல்லுதாரு. பனங்கை நல்லா இருந்தா வலை, இல்லன்னா ஃப்ரேம். அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, செவத்துக்குள்ள பனங்கை நுழையுற எடத்துல ஸ்க்ரூ டிரைவரை வச்சு குத்திப் பாருங்க. நடுவுல குத்தக்கூடாது, நடுவுல எப்பவும் நல்லாத்தான் இருக்கும், கரையான் ஏறுறது செவத்து வழியா.

கடனாநதிக்கரை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். ஆசாரியைக் கூட்டிட்டுப் போயி ஏணி போட்டு நானே குத்திப் பாத்தேன், தெக்குப் பக்கம் 9 பனங்கையில 4 செவத்தோரம் மாவா இருக்கு, ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடி வரைக்கும் போயிட்டு. வெளிய பாத்தா ஒண்ணுமே தெரியல, கருகருன்னு எண்ணெய் தேச்ச மாதிரி இருக்கு. அம்மா கீழ நின்னு பாத்துட்டு இருந்தாங்க, ஒண்ணும் பேசல, உள்ள போயி அந்தப் பக்கம் போட்டிருந்த கட்டிலை இழுத்து வடக்க போட்டாங்க.

வாத்தியார் ஐயா, ஓட்டைத் திருப்பிப் பாத்தேன், பேரு தேஞ்சு போச்சு, தட்டினா பாதி கணீர், பாதி சொத்.

ஃப்ரேம் தான்னு முடிவு பண்ணிட்டேன், வெளிய தூணு, மண்செவத்தைத் தொடல. இப்ப வேலை நடக்கும்போது நான் எல்லா நாளும் நிக்க முடியாது, 4 நாள் தான் லீவு. எந்த எந்த எடத்துல கூட நிக்கணும்னு சொன்னா அதுக்குத் தகுந்த மாதிரி வருவேன்.

பட்டறைக்காரன்:

நல்ல கேள்வி தம்பி. எல்லா நாளும் நிக்க வேண்டாம், மூணு நாள் நின்னா போதும்.

ஃப்ரேம் முடிஞ்சு ஷீட்டு ஏத்துறதுக்கு முந்தின நாள் ஒண்ணு. மூலைக்கு மூலை குறுக்க டேப் பிடிங்க, ரெண்டு குறுக்களவும் ஒண்ணா இருக்கணும். பழைய வீடு மூலமட்டத்துல இருக்காது, அஞ்சாறு விரக்கடை கோணலா இருந்தாலும் ஓட்டுல தெரியாது, இந்த ஷீட்டுல தாழ்வாரத்துல ரம்பப் பல்லு மாதிரி காட்டிக் குடுத்துரும். வீடு கோணலா இருந்தாலும் ஃப்ரேம் நேரா நிக்கட்டும்.

ரெண்டாவது, ஷீட்டு மொத வரிசை ஏறுற நாள். உங்க மோட்டுவளை கிழக்கு மேற்கு, சாரல் காத்து மேற்க இருந்து வருது. அதனால கிழக்கு ஓரத்துல ஆரம்பிச்சு மேற்க போகணும், அப்பத்தான் மேல விழுற ஷீட்டோட ஓரம் கிழக்க பாத்து இருக்கும், காத்து சந்துல நுழையாது. மேற்கோரத்துல தாழ்வாரத்தை ரெண்டடி விடாதீங்க, ஒரு அடி போதும், சைடு ஃப்ளாஷிங் (ஓரத்தை மூடுற தகரப் பட்டை) கண்டிப்பா, அந்த ஓரத்துல ஸ்க்ரூவை நெருக்கி அடிக்கச் சொல்லுங்க. ஸ்க்ரூ முறுக்கும்போது ரப்பர் வாஷர் லேசா வெளிய தெரியணும், பிதுங்கிக் கிழியக் கூடாது, ஆடவும் கூடாது. மிசினை வச்சு கொடூரமா முறுக்குறவனை மொத ஸ்க்ரூலயே நிப்பாட்டுங்க.

மூணாவது, வெட்டு வேலை நடக்குற நாள், ரிட்ஜும் (முகட்டு மூடி) மூலையும். இதுதான் பெரிய விசயம். கட்டிங் வீல் வச்சு ஷீட்டை வெட்டக் கூடாது. பொறி தெறிச்சு பெயின்ட் மேல ஒட்டும், அந்த எடத்துல கோட்டிங் வெந்துரும், ரெண்டு மழையில துரு எறங்கிரும். கத்திரி வச்சோ நிப்ளர் (தகரத்தைக் கடிச்சு வெட்டுற மிசின்) வச்சோ வெட்டணும், நேரம் ஆகும், அதனால தான் பயலுக கேக்க மாட்டானுக. ட்ரில் போடும்போது விழுற இரும்புத் தூளையும் அன்னன்னைக்கு மெத்து வாரியல் வச்சு கூட்டி எறக்கணும்.

அப்புறம் ஷீட்டு வந்ததும் மைக்ரோமீட்டர் வச்சு தடிமன் பாருங்க, பெயின்ட் சேத்து சொல்லுற அளவு வேற, உள்ள இரும்பு மட்டும் உள்ள அளவு வேற, பில்லுல எது எழுதியிருக்குன்னு கேளுங்க. மேல ஒட்டி வர்ற பிளாஸ்டிக் பேப்பரை அன்னைக்கே உரிச்சிருங்க, வெயில்ல விட்டா ஒட்டிக்கிடும். மழையில நனைஞ்ச ஷீட்டை அடுக்கி வச்சா நடுவுல வெள்ளையா பூத்துரும், அதனால சாச்சு வையுங்க.

ஒண்ணு மறந்துட்டேன், இதை லேசா எடுக்காதீங்க. போஸ்டுல இருந்து வர்ற சர்வீஸ் வயரு உங்க தாழ்வாரத்துல எங்கயாவது உரசுதான்னு பாருங்க. ஓட்டுல உரசுனா ஒண்ணும் இல்ல, தகர ஓரத்துல உரசி வயரு தோலு உரிஞ்சா கூரை முழுக்க கரண்டு. ஈபி ஆளைக் கூப்பிட்டு தள்ளிக் கட்டச் சொல்லுங்க, ஃப்ரேமுக்கு எர்த் குடுங்க.

செங்கோட்டை சாரல்:

தண்ணி போற வழியையும் பாருங்க தம்பி. ஓட்டுல தண்ணி நிதானமா எறங்கும், தகரத்துல ஓடி வந்து பாயும், தாழ்வாரத்துக்கு நேர் கீழ மண்செவத்து அடியை அரிச்சிரும். 2023 டிசம்பர் 17, 18ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டிச்சுல்லா, அந்த மழை உங்க 1008 சதுர அடி மேல பெஞ்சிருந்தா என்ன ஆகும்னு எங்க வீட்டுக்காரர் கணக்குப் போட்டாரு, 89 ஆயிரம் லிட்டர் வருது. அத்தனையும் உங்க செவத்து காலடியில விழும். அதனால கட்டர் (தாழ்வார ஓரத்துல தண்ணி பிடிக்கிற காவாய்) வையுங்க, கீழ ஒரு தொட்டியோ உறைகிணறோ, பழைய கெணறு இருந்தா அதுக்கே விட்டுருங்க.

கடனாநதிக்கரை:

ஆடி மாசம் எழுதுதேன். லேட் ஆயிட்டு, மன்னிச்சுக்கோங்க, வேலை முடிஞ்சு கொஞ்ச நாள் ஆச்சு.

முதல்ல நல்லது. ஒழுகல, ஒரு சொட்டு கூட இல்ல. காத்து அசைக்கல. அடியில ஃபோம், அதுக்குக் கீழ பழைய பட்டியல் பலகையில நல்லதைப் பொறுக்கி ஆசாரி சீலிங் அடிச்சுக் குடுத்தாரு, உள்ள பாத்தா பழைய வீடு மாதிரியே இருக்கு. மழைச் சத்தம் கேக்குது, ஆனா பேசலாம். அடுப்பங்கரை மேல ஓடுதான், அக்கா சொன்ன மாதிரி விட்டுட்டோம். தண்ணி கெணத்துக்குப் போகுது.

இப்ப கெட்டது. பட்டறைக்காரன் அண்ணாச்சி மூணு நாள் நில்லுன்னாரு, நான் ரெண்டு நாள் நின்னேன். மூணாவது நாள் ஆபீஸ்ல இருந்து போன் மேல போன், ராத்திரி பஸ் ஏறிட்டேன், ஏறுறதுக்கு முன்னால "கட்டிங் வீல் வேண்டாம், கத்திரி தான்"னு கூரை வேலை பாத்தவருகிட்ட மூணு தடவை சொல்லிட்டு, சரி சார் சரி சார்னு தலையாட்டுனதையும் பாத்துட்டு. மறுநாள் அம்மா போன்ல "மேல தீபாவளி மாதிரி பொறி பறக்குதுடா"ங்காங்க. உடனே அவருக்குப் போன் போட்டா எடுக்கல. இப்ப ரெண்டு மழை போனதும் மேக்கு மூலையில மிளகாத்தூள் தூவின மாதிரி செவப்புப் புள்ளி, ஒரு முழ அகலத்துக்கு. கேட்டா "அது தூசி சார், கழுவுனா போயிரும்"ங்காரு. நான் துணி வச்சு தேச்சேன், துணி தான் செவந்துச்சு. மீதிக் காசு கொஞ்சம் நிக்கு, அதை வச்சு அந்த ரெண்டு ஷீட்டை மாத்தச் சொல்லிக் கேட்டுட்டு இருக்கேன். அண்ணாச்சி, மாத்தணுமா, இல்ல பெயின்ட் அடிச்சா போதுமா?

குரங்கு இன்னும் வருது. முதல் நாள் பெரிய கடுவன் ஒண்ணு முகட்டுல குதிச்சு, சத்தத்துல அதுவே பயந்து தென்னை மரத்துக்குத் தாவிட்டாம். இப்ப பழகிட்டு, காலையில 6 மணிக்கு சறுக்கு விளையாடுது, அம்மா கம்பை வச்சு கீழ இருந்து சீலிங்கைத் தட்டுனா மேல இருந்து பதிலுக்குத் தட்டுதாம்.

பட்டறைக்காரன்:

தம்பி, வருத்தமா இருக்கு, ஆனா ரொம்பப் பெரிய சேதம் இல்ல. முதல்ல நைலான் பிரஷ் வச்சு சோப்புத் தண்ணியில மெதுவா கழுவுங்க, கம்பி பிரஷ் தொடவே தொடாதீங்க. இரும்புத் தூள் மட்டும் ஒட்டியிருந்தா போயிரும். அதுக்கப்புறமும் புள்ளி இருந்து, நகத்தை வச்சு சொரண்டுனா குழி தட்டுப்பட்டா கோட்டிங் வெந்திருக்கு. முழ அகலம்னா அந்த ஷீட்டை மாத்துறது தான் நல்லது, ஓரத்து ஷீட்டு தான, ஃப்ளாஷிங்கைக் கழத்துனா வந்துரும். வெட்டுன ஓரத்துக்கு மட்டும் டச்-அப் பெயின்ட் அடிச்சா போதும். மீதிக் காசை ஷீட்டு மாத்துற வரைக்கும் குடுக்காதீங்க. மாத்தும்போது நில்லுங்க.

சுரண்டை தோட்டக்காரன்:

தலைப்பு மாறிப் போறதுக்கு மன்னிக்கணும், அந்த எறக்குன சீமை ஓட்டை என்ன பண்ணுனீங்க? தோட்டத்துல மோட்டார் ரூமுக்கு 300 ஓடு வேணும், கணீர் ஓடு மட்டும், வண்டி நானே கொண்டு வந்து எடுத்துக்கிடுதேன்.

கடனாநதிக்கரை:

அண்ணாச்சி, நானும் விக்கலாம்னு தான் சொன்னேன். அம்மா ஒவ்வொண்ணா தட்டிப் பாத்து கணீர் ஓட்டையெல்லாம் தொழுவத்துக்குப் பின்னால அடுக்கி வச்சு மேல தார்ப்பாய் போட்டிருக்காங்க. தகரம் எத்தனை வருசம் வரும்னு கேட்டாங்க, 20 வருசம்னு சொல்லுதாங்கன்னேன், "அப்ப அதுக்கப்புறம் வேணும்லா"ங்காங்க. சொத் ஓடு 700 பக்கம் கெடக்கு, அது வேணும்னா வாங்க.

சுரண்டை தோட்டக்காரன்:

சொத் ஓடு எங்கிட்டயே இருக்கு அண்ணாச்சி.